கோதுமைச் சீமையில் ஒரு சோற்றுக்காரி

“அங்கே போய்ச் சோத்துக்கு என்னடி பண்ணுவே?” என்று என் தமக்கை கேட்டாள். அறுபத்திரண்டாவது வயதில், துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொள்ளாமல், இத்தாலி தேசத்துக்குப் போய் இருபது நாள் இருந்துவிட்டு வரப்போகிறேன் என்று மாயவரத்து வீட்டுக் கூடத்தில் நான் அறிவித்தபோது, பாஷை தெரியாத ஊர் என்பதோ, முழங்கால் வலிக்காரி மாடிப்படி ஏறி இறங்க வேண்டுமே என்பதோ, பணப்பையைப் பறிகொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பேன் என்பதோ அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ரொட்டியும் மாவுப் பண்டமுமே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஜனங்களின் நடுவே, அவ்விரண்டையும் நாவின் நுனியில்கூட வைக்கக் கூடாத ஒருத்தி தனியே போய் இறங்குவதென்பது, நீந்தத் தெரியாதவள் பதினெட்டாம் பெருக்கன்று காவிரியில் இறங்குவதற்கு ஒப்பான காரியம் என்று அவள் நினைத்தாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியே நான் நான்கு மாத காலத்தைச் செலவிட்டேன் என்பதும், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பட்ட அலைச்சலெல்லாம் அதற்கு முன்னே அற்பம் என்பதும் உண்மை.

எனக்கு உள்ள வியாதிக்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருள் குடலுக்குள் போன மாத்திரத்தில், தேகத்தின் காவற்படை அதை எதிரி என்று எண்ணி எய்யும் அம்புகள் குறி தவறிச் சொந்தக் குடலின் மேலேயே பாய்வதால், ஆகாரத்தின் சாரத்தை உறிஞ்சுகின்ற மெல்லிய இழைகள் மழுங்கித் தரைமட்டமாகிவிடுகின்றன. அதன் பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீர்தான். ஆறு வருஷங்களுக்கு முன் நான் எடை குறைந்து, வெளிறி, இரும்புச்சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியும் இரத்தம் ஊறாமல் படுத்திருந்த காலத்தில், பார்க்க வந்த உறவினர்கள் அன்போடு ஆளுக்கொரு புட்டியாகக் கொண்டுவந்து வைத்த சத்துப் பானத்தை வேளை தவறாமல் கரைத்துக் குடித்து வந்தேன். அதில் இருந்தவை பார்லி மால்ட்டும் கோதுமை மாவுமே என்பது, சென்னையில் ஒரு வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து, குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்து வியாதியின் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மருந்து கிடையாது; ஆயுள் முழுவதும் பத்தியம், அவ்வளவுதான் என்றார் அவர்.

“அரிசி தின்கிற ஊரில் இருக்கிற உனக்கு இது ஒரு கஷ்டமா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ரவையும் சேமியாவும் மைதாவும் இல்லாமல் வாழ்வது பெரிய துறவு அன்று. ஆனால் அவற்றை விலக்கி மூன்று மாதம் ஆன பின்னும் வயிறு அடங்காமற்போகவே, ஒரு நாள் மத்தியானம் அஞ்சறைப்பெட்டியையும் அதைச் சுற்றியிருந்த டப்பாக்களையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் எறும்புகளைப் போல் ஊர்ந்த எழுத்துகளைக் கண்ணருகே பிடித்துப் படிக்கலானேன். பெருங்காய டப்பாவில் அகப்பட்டது கள்ளன். கூட்டுப் பெருங்காயம் என்று நாம் வாங்குவதில் பெருங்காயப் பால் கொஞ்சம், கோந்து கொஞ்சம். மற்றதெல்லாம் பெரும்பாலும் மாவு, அதுவும் கோதுமை மாவு. சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் மிளகாய்ப் பொடியிலும் ஒரு சிட்டிகை வீதம் தினந்தோறும் அது என்னுள் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குளூட்டன் இருந்தால்தான் அதைக் குளூட்டன் அற்ற பண்டம் என்று ஐரோப்பியச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்னும்போது, நம் சமையற்காரர்கள் கைக்கு வந்தபடி அள்ளிப் போடும் சிட்டிகைக்கு என்ன கணக்கு?

வியாதியைக் காட்டிலும் என்னை வாட்டியது வேறொன்று. ஒரு வீட்டில் இலை போட்ட பிறகு, “ரசத்தில் என்ன பெருங்காயம் போட்டீர்கள்?” என்று கேட்பது நம்மிடையே விசாரணை அன்று, அவமரியாதை. கோவிலில் கையில் விழுந்த ரவா கேசரியை வாயில் போடாமல் இலைத் துண்டில் மடித்து வைத்துக்கொண்டதற்காகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. சர்க்கரை வியாதி என்றால் உடனே பாயசக் கிண்ணத்தை நகர்த்திக்கொள்ளும் அதே மனிதர்கள், கோதுமை ஆகாது என்றால், “ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது” என்று உபசாரம் செய்வார்கள். கோதுமை உண்ணும் வடக்கே இவ்வியாதி ஓரளவு தெரிந்ததே, தெற்கே அரிது. அரிதான வியாதிக்காரர் நம் ஊரில் பாசாங்குக்காரராகக் கருதப்படுவார்.

இவ்வியாதியின் காரணம் வெளிப்பட்ட வரலாறு விசித்திரமானது. 1888-இல் லண்டனில் சாமுவேல் கீ என்னும் வைத்தியர் இதன் லட்சணங்களைத் தெளிவாக எழுதிவைத்துப் பத்தியத்தினால்தான் இது குணமாக வேண்டும் என்றும் ஊகித்தார். எந்தப் பத்தியம் என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைக் கொடுத்துப் பிழைக்கவைத்து, அது வாழைப்பழத்தின் மகிமை என்றே நம்பினார். ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியரான வில்லெம் டிக்கே என்பவருக்கு யுத்தத்துக்கு முன்னமே கோதுமையின் மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் அத்தேசம் பஞ்சத்தில் வாடி, ரொட்டி அருகிப்போய், ஜனங்கள் டியூலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்ற நாட்களில், ஊரெல்லாம் மெலிய இக்குழந்தைகள் மட்டும் தேறினார்கள் என்பதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள் என்பதையும் அவர் கண்டார். 1950-இல் கோதுமையே காரணம் என்று ஆராய்ச்சி நூல் எழுதினார். ஊருக்கு வந்த பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகளின் ஜாதியைச் சேர்ந்தவள் நான் என்று எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிறிது கூச்சமாக இருக்கும்.

இத்தாலியை நான் தேர்ந்துகொண்டது சிற்பத்துக்காகவோ சித்திரத்துக்காகவோ அன்று என்றால் கற்றவர்கள் மன்னிக்க வேண்டும். மாவுப் பண்டத்துக்குப் பேர்போன அத்தேசமே என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் சௌகரியமானது என்று படித்தேன். வியாதியுள்ள குழந்தைகளின் பெற்றோர் 1979-இல் கூடி ஏற்படுத்திய சங்கம் ஒன்று அங்கே உணவு விடுதிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஜாபிதா வைத்திருக்கிறது. 2005-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலிய பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் கேட்பவர்களுக்குக் குளூட்டன் அற்ற உணவு கொடுத்தாக வேண்டும் என்கிறது. வியாதி நிரூபணமானவர்களுக்கு இந்த உணவு வாங்க அரசாங்கமே மாதாமாதம் ஒரு தொகை அளிக்கிறது.

ஆயத்தங்களில் முதலாவது ஒரு சீட்டு. சென்னையில் இத்தாலிய பாஷை கற்பிக்கும் ஒருவரைப் பிடித்து, எனக்குச் சீலியாக் வியாதி, கோதுமை, பார்லி, ரை கலந்தது எதுவும் ஆகாது, அவை வெந்த தண்ணீரிலோ பொரிந்த எண்ணெயிலோ வேறொன்றைச் சமைத்தாலும் ஆகாது, தவிர நான் சைவம், மாமிச ரசமும் கூடாது என்றெல்லாம் எழுதி வாங்கி, கண்ணாடிக் காகிதம் ஒட்டி நாலு பிரதி வைத்துக்கொண்டேன். வைத்தியரிடம் ஒரு கடிதம். விசாவுக்காக எப்படியும் எடுத்தாக வேண்டிய 30,000 யூரோவுக்கான காப்புறுதி. ஒரு ஆழாக்கு அரிசி வேகும் சின்ன மின்சாரக் குக்கர். அந்நாட்டுச் சுவரில் மூன்று துளையும் ஒரே வரிசையில் இருக்குமாதலால் அதற்கேற்ற பிளக். நாட்டுமருந்துக் கடையில் மாவு கலவாத பால் பெருங்காயம் வாங்கி வந்து அக்காவே புளிக்காய்ச்சல் காய்ச்சினாள். அவல், பருப்புப் பொடி, கடலையுருண்டை, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பெட்டியில் ஏறின. நெய்ப்புட்டியை மாத்திரம் இறக்கிவிட்டேன். பால் பண்டங்களையும் மாமிசத்தையும் வெளியிலிருந்து கொண்டு வரக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்களாம். “கறிவேப்பிலைக்குக் கூடவா பாஸ்போர்ட்டு?” என்றாள் அக்கா.

விமானத்தில் எனக்கென்று பிரத்தியேக உணவைப் பத்து நாள் முன்னமே எழுதி, இரண்டு முறை டெலிபோனில் உறுதியும் செய்திருந்தேன். முதல் விமானத்தில் அது முறையாக வந்தது: மேலே என் பெயரும் குளூட்டன் அற்றது என்ற சீட்டும் ஒட்டிய தட்டு, அதன் மேல், வெறுந்தட்டாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டோ என்னவோ, பணிப்பெண் புன்னகையோடு வைத்த ஒரு கோதுமை பன். வளைகுடாவில் மாறிய அடுத்த விமானத்தில் என் கோரிக்கையே பதிவாகவில்லை என்றார்கள். ஆகாயத்தில் முப்பதினாயிரம் அடி உயரத்தில், வெந்நீர் வாங்கி அவலை நனைத்துப் பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து ஆசனத்துக்காரர் தம்முடைய தட்டையும் என் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மிலான் நகரத்தில் முதல் நாள் இரவு, சங்கத்தின் ஜாபிதாவில் இருந்த ஒரு சிறிய உணவு விடுதிக்குப் போய், சீட்டை உள்ளங்கையில் மறைத்துப் பிடித்தபடி, கடன் கேட்க வந்தவளைப் போல் நின்றுகொண்டிருந்தேன். பரிமாறுகிற இளைஞன் சீட்டை முழுக்கப் படிக்கவில்லை, முதல் வரியிலேயே நிமிர்ந்து, “செலீயாகா?” என்றான். ஆம் என்று தலையசைத்தேன். அவன் முகத்தில் வியப்பு இல்லை, இரக்கம் இல்லை, எவ்வளவு காலமாக என்ற கேள்வி இல்லை. மேஜை மேலிருந்த ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு போனான். விரிப்பில் சிந்தியிருந்த துணுக்குகளைத் துடைத்து வேறு விரிப்புப் போட்டான். கோட்டால் அடிபட்ட கோதுமைக் கதிர் அச்சிட்ட வேறொரு உணவுப் பட்டியலைக் கொடுத்தான். பிறகு, ஒட்டிய காகித உறைக்குள் இருந்த ஒரு சிறு ரொட்டியைக் கொண்டுவந்து, என் கண்ணெதிரில் உறையைக் கிழித்துத் தட்டில் வைத்தான். அது அரிசி மாவும் சோள மாவும் கலந்த ரொட்டி. உள்ளபடி சொன்னால் ருசி சுமார்தான், தொட்டால் உதிர்ந்தது. ஆனால் ஆறு வருஷத்தில், ஒரு வெளியிடத்தில், சங்கோசமின்றி, ஒருவரிடமும் நியாயம் சொல்லாமல், முன்னால் வைத்ததை எடுத்து நான் சாப்பிட்டது அன்றுதான். என் ஊரில் பெயரில்லாத என் வியாதிக்கு இந்த ஊரில் பெயர் இருந்தது. மருந்துக் கடைகளின் பச்சைச் சிலுவை விளக்குகளின் கீழே, இருமல் மருந்துக்குப் பக்கத்தில், குளூட்டன் அற்ற மாவும் பிஸ்கோத்தும் அடுக்கியிருந்ததை மறுநாள் நின்று நின்று பார்த்தேன்.

மிதமிஞ்சிய நம்பிக்கைக்குத் தண்டனை நான்காம் நாள் கிடைத்தது, அதுவும் என் கையாலேயே. ரயிலடிக் காப்பிக் கடையில், எனக்கு முன் நின்ற ஒரு முதியவள் சின்னக் கோப்பையில் மணமாக எதையோ வாங்கிக் குடிக்க, காப்பிதானே என்று அதையே சுட்டிக்காட்டி நானும் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டேன். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் பலகையைப் பார்த்தேன்: காஃபே தோர்சோ. ஓர்சோ என்றால் பார்லி. காப்பிக்கொட்டை ஆகாதவர்களுக்காகப் பார்லியை வறுத்து இறக்கும் பானமாம் அது. அத்தேசத்தில் சர்வ சாதாரணம். என் பையில் நாலு பிரதியாக நான் சுமந்துகொண்டிருந்த சீட்டில், ஆகாதவற்றின் வரிசையில் இரண்டாவதாக இருந்ததும் அந்த வார்த்தைதான். தின்பதற்கெல்லாம் சீட்டைக் காட்டினேனே தவிர, குடிப்பதற்குக் காட்டத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தொடங்கி மறுநாள் முழுவதும் அறையில் சுருண்டு கிடந்தேன். இதற்கு மாற்று மருந்து ஒன்றும் இல்லை. தண்ணீரும் உப்பும் கஞ்சியும் பொறுமையுமே மருந்து. குக்கரைச் சுமந்து வந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

தேறி எழுந்ததும், டூரின் போகிற பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். மே மாதத்துக் காலை. மஜெந்தாவைத் தாண்டி, நோவாரா நெருங்க நெருங்க, ஜன்னலுக்கு வெளியே நான் கண்டதைச் சிறிது நேரம் நம்பவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரப்புக் கட்டிய வயல்கள், அத்தனையிலும் தண்ணீர்; வரப்போரம் கொக்குகள்; மடை திறந்து ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நீர் இறங்கும் இடத்தில் வெள்ளை நுரை. பின்னால் வானத்தில் மோந்தே ரோசா மலையின் பனிச் சிகரமும், வயல் நீரில் தலைகீழாக அதே சிகரமும் தெரிந்திராவிட்டால், கும்பகோணம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே நினைத்திருப்பேன். ஐரோப்பாவில் மிகுதியாக நெல் விளைவிக்கும் தேசம் இத்தாலி என்பதும், அதன் நெற்களஞ்சியம் இந்த நோவாரா, வெர்ச்செல்லி, பவியா ஜில்லாக்கள் என்பதும் புத்தகத்தில் படித்ததுதான். கண்ணால் பார்த்தபோது தொண்டை அடைத்தது. இவ்வயல்களுக்கு நீர் தரும் பெரிய கால்வாய், போ நதியில் கிவாஸோ என்னும் ஊரில் தலைப்பு வைத்து 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இத்தாலியை ஒன்றாக்கிய மந்திரி காவூரின் பெயர் கொண்டது. 1863-இல் தொடங்கி 1866-இல் வெட்டி முடித்தார்கள். காவூரே இப்பக்கத்தில் பண்ணை வைத்து நெல் சாகுபடி செய்தவர்தான். மிராசுதாரின் பெயரை வாய்க்காலுக்கு வைப்பது நமக்குப் புதிதா என்ன?

வெர்ச்செல்லியில் இறங்கி ஐந்து நாள் தங்கினேன். முற்காலத்தில் மோந்தீனே என்று அழைக்கப்பட்ட கூலிப் பெண்கள் தூர ஜில்லாக்களிலிருந்து வருஷந்தோறும் இங்கு வந்து, முழங்கால் தண்ணீரில் குனிந்து நாற்பது நாள் களை பறித்துவிட்டுக் கூலியோடு கொஞ்சம் அரிசியும் வாங்கிக்கொண்டு போவார்களாம். பாடிக்கொண்டே களை பறித்த அவர்கள், எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய கதையை ஊரில் இன்னும் சொல்கிறார்கள். 1949-இல் தே சாந்திஸ் என்னும் டைரக்டர் இப்பெண்களைக் குறித்து எடுத்த சினிமாவின் பெயர் ‘ரீசோ அமாரோ’. ரீசோ என்றால் அரிசி. சிரிப்பு என்றும் பொருள். கசப்பு அரிசி என்றும் கசந்த சிரிப்பு என்றும் ஒரே சொல்லில் இரண்டும் நிற்கின்றன. இப்போது வயல்களில் பெண்களைக் காணோம். விதைப்பது இயந்திரம், களைக்கு மருந்து. நம் பக்கமும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வூரின் பெருமைக்குரிய பனீஸா என்னும் அரிசிச் சோற்றை மட்டும் நான் சாப்பிடவில்லை. அவரையும் அரிசியும் சேர்ந்த அந்தப் பதார்த்தத்தில் பன்றிக் கொழுப்பும் சலாமியும் சேரும். அரிசியூருக்கு வந்தும் ஊர்ச் சோற்றுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆகையால் கடையில் ஒரிஜினாரியோ என்னும் குட்டை உருண்டை அரிசி ஒரு கிலோ வாங்கி வந்து, விடுதிக்கார அம்மாளின் சமையலறையில் அனுமதி கேட்டு, நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். அரிசியைக் கழுவுவதைப் பார்த்ததும் அந்த அம்மாள் “ஐயோ” என்ற பாவனையில் கையை உதறினாள். அதன் பசைதானே ருசி என்று அவர்கள் கட்சி. அதைக் குழையக் குழைய வேகவைத்து மத்தால் மசித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்நாட்டுக் கெட்டித் தயிரை ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, பால் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துக் கடுகு தாளித்தேன். ஒரு கரண்டி வாங்கித் தின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, பெருங்காயக் கட்டியை மட்டும் எடுத்து முகர்ந்து, தும்மி, சிரித்துவிட்டாள். தஞ்சாவூர்ப் பொன்னியில்கூட அப்படிக் குழையும் தயிர்ச்சாதம் எனக்கு அமைந்ததில்லை என்று சொன்னால் அக்கா கோபிப்பாள். ஆயினும் அது உண்மை.

ரோமாபுரி, புளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் பிறகு பார்த்தேன். அவற்றை எழுத வேறு பேர் இருக்கிறார்கள். திரும்பி வந்த அடுத்த வாரமே ஒரு கல்யாணம். பந்தியில் உட்காருமுன் சமையற்கட்டுக்குப் போய், என் வழக்கமான முணுமுணுப்பை விட்டு, நிமிர்ந்து நின்று, “அண்ணே, எனக்குக் கோதுமை ஆகாது, சாம்பாருக்குப் போட்ட பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டேன். தலைமைச் சமையற்காரர் கரண்டியை வைத்துவிட்டு, டப்பாவைத் தேடி எடுத்து, தாமே எழுத்துக்கூட்டிப் படித்து, “ஆமாம்மா, கோதுமை மாவுன்னுதான் போட்டிருக்கு, முப்பது வருஷமா எனக்கே தெரியாதே” என்றார். அன்று எனக்கு இலையில் சாதமும் தயிரும் வாழைப்பழமும்தான். கல்யாணச் சமையல் எடுப்பவர்களும் ஹோட்டல் நடத்துபவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் அடுப்படியில் இருக்கும் பெருங்காய டப்பாவை ஒரு முறை திருப்பிப் படித்துப் பார்க்கும்படியும், யாரேனும் வந்து கேட்டால் அதில் உள்ளதை உள்ளபடி சொல்லும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.